நூல் இலக்கம் 1147 பற்றிய விளக்கம்

ஐயா,
கணக்காய்வுக் கடிதம் கிடைத்தது.
"மீசை முளைத்த முதலை", சிறுவர் நூல்,
தொண்ணூற்றாறு பக்கம், முந்நூற்றைம்பது ரூபா,
ஏன் இந்தக் கோலத்தில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.
முத்தையன்கட்டு உப நூலகத்தில்
நான் ஒருத்திதான் வேலை.
ஆகவே நானே எழுதுகிறேன்.

முதலில் அட்டை.
அது வாய்க்காலில் நனைந்தது.
உழவு மெசின் பெட்டியில் குந்தியிருந்து வாசித்த மிதுசா,
முதலை கண்ணாடி பார்த்து மீசைக்கு எண்ணெய் பூசுகிற இடத்தில்
சிரிப்புத் தாங்காமல் பிடியை விட்டிருக்கிறாள்.
அவள் வயலுக்குள், புத்தகம் தண்ணிக்குள்.
எழும்பியதும் புத்தகத்தைத்தான் முதலில் எடுத்தாளாம்.
முழங்காலுக்கு நாலு தையல்.
அட்டைக்கு நான் போட்டது ஆறு.

நாற்பத்தோராம் பக்கத்து ஓட்டை
யானைவெடியின் பொறி.
தகப்பனோடு பரணில் நெற்காவல் இருந்த கோபிதாசன்
டோர்ச் வெளிச்சத்தில் வாசித்துக்கொண்டிருந்தவன்.
வேலி முறிகிற சத்தம் கேட்டதும்
கதைப் பையன் கொள்ளையரைப் பார்த்துக் கத்துவதை
அப்படியே கத்தியிருக்கிறான்:
"அடேய் அண்டாவாயா, உன்ரை பல்லெல்லாம் வாடகைக்கோ?"
யானை திரும்பிப் போனது.
வெடிக்குத்தான் போனது என்கிறார் தகப்பன்.
அதுக்கு வெட்கம் வந்திட்டுது என்கிறான் இவன்.
இரு தரப்பையும் பதிந்து வைத்திருக்கிறேன்.

இருபத்து மூன்றாம் பக்கத்தைச் சேதப்படுத்தியது
நான்.
அது புதையல் வரைபடம்.
பெரிய மரத்திலிருந்து தெற்கே நாற்பது அடி,
சிவப்புப் புள்ளடி, பக்கத்தில் 'தோண்டு' என்று இருந்தது.
அன்று பின்னேரமே ஐந்து பேர்
மண்வெட்டியோடு வாசலில் நின்றார்கள்.
"மிஸ், தெற்கு எந்தப் பக்கம்?"

ஐயா, நீங்கள் வெளியூர்.
மண்டையோட்டுப் பலகை கழற்றின காணி என்றாலும்
இங்கே பிள்ளைகள் தோண்டக் கூடாது.
தெற்கு எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.
இரவு எல்லாரும் படுத்தபின்
புள்ளடியைப் பிளேட்டால் சுரண்டி எடுத்து
மரத்தின் உச்சிக் கொப்பில் கீறினேன்.
'தோண்டு' என்பதை 'ஏறு' ஆக்கினேன்.
அச்சுப்போல எழுத எனக்கு வராது.
பார்த்தால் தெரியும்.

அடுத்த நாள் ஐந்து பேரும் பாலை மரத்தில்.
புதையல் இருந்தது, கொப்புக் கொப்பாய்ப் பழம்.
வாய் ஒட்டி, விரல் ஒட்டி,
அறுபதும் அறுபத்தொன்றும் ஒட்டியது அப்படித்தான்.
பிரித்தால் கிழியும்.
அந்த இரண்டு பக்கத்தில் முதலை என்ன செய்ததென்று
ஊரில் ஒருவருக்கும் தெரியாது.
ஏறத் தெரிந்து இறங்கத் தெரியாத சாருகன்
மூன்று மணித்தியாலம் மேலேயே இருந்தான்.
ஏணி கேட்டு அன்று நான் அனுப்பிய கோரிக்கை
இன்னும் உங்கள் கந்தோரில் இருக்கும்.

கடைசிப் பதினாறு பக்கம் கறையான்.
அதற்குக் கதை இல்லை.

ஆனால் முடிவில்லாமல் புத்தகம் திருப்பித் தரமாட்டோம் என்று
கொப்பித் தாளில் அவர்களே எழுதி
நூலால் கட்டித் தந்திருக்கிறார்கள்.
ஒன்றில் முதலை பாடசாலை அதிபர்.
காலைக் கூட்டத்தில் மீசை பிசகி எல்லாரும் அம்பிடுகிறார்கள்.
ஒன்றில் முல்லைத்தீவுக் கடலுக்குப் போய்
உப்புப் பிடிக்காமல் பஸ்ஸில் திரும்பி வருகிறது,
அரை டிக்கெட்.
தர்மிகா எழுதியதில்
எல்லாரும் வீட்டுக்கு வந்து சேருகிறார்கள்.
பெயர் பெயராக, ஒரு பக்கம் முழுக்க.
அதில் சில பெயர்கள்
கதையில் இல்லாதவை.

ஆக, பதினாறு பக்கம் குறைவு,
முப்பத்தொரு பக்கம் கூடுதல்.
கூடுதலை எழுத உங்கள் படிவத்தில் நிரல் இல்லை.
முந்நூற்றைம்பதையும் என் சம்பளத்தில் கழியுங்கள்.
நூலைக் கழிக்க வேண்டாம்.

பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லியிருந்தீர்கள்.
இப்போது இரவலில் இருக்கிறது.
உங்கள் பெயரையும் பதிந்துவிட்டேன்.
முன்னால் பத்தொன்பது பேர்.