முழங்கை

திரை முழுக்கச் சிவப்பு.
'மீடியா ஆஃப்லைன்' என்பதைப் பல மொழிகளில் எழுதியிருக்கிறது,
தமிழைத் தவிர.

புதுப்பாளையத்தில் ஒரு மாடியறை, மதியம் இரண்டே கால்.
கரண்ட் இல்லை. யூபிஎஸ் அலறிக்கொண்டிருக்கிறது.
குமுதவல்லியின் சித்தப்பா
நெல்லிக்குப்பத்திலிருந்து மூன்றாம் முறையாக அழைக்கிறார்.
"தாலி கட்டுறது வந்துச்சா தம்பி?"
"வந்துட்டே இருக்குண்ணே."

முதலில் சின்னத் தப்புகளைத்தான் தேடுவேன்.
ஹார்ட் டிஸ்க் எழுத்து 'ஈ'யிலிருந்து 'எஃப்'புக்கு மாறியிருக்கும்.
மாறியிருந்தது.
வழியைக் காட்டியதும் மாப்பிள்ளை அழைப்பு மொத்தமும்
பஸ் வந்ததும் எழுகிற கூட்டம்போல எழுந்து வந்தது.

அடுத்தது கோடெக்.
தணிகாசலத்தின் தங்கை போனில் எடுத்த சீர்வரிசை:
சத்தம் வருகிறது, படம் கறுப்பு.
வேறு வடிவத்துக்கு மாற்றினேன், படம் வந்தது;
ஆனால் அத்தைகளின் உதடு ஓடி முடித்த பிறகு
பேச்சு பின்னால் வந்தது.
பிரேம் வேகத்தை ஒரே நிலையில் நிறுத்தி
மறுபடி மாற்றினேன். ராசியானார்கள்.
கேஷை அழித்து, மென்பொருளை மூடித் திறந்தேன்.
எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது,
தேங்காய் உடைப்பதைப் போல.

மீதி ஒரே ஒரு கோப்பு, 47-ஆம் எண்.
நாலு ஜிபி எடை இருக்கிறது,
ஒரு நொடி நீளம் இல்லை.
சவரிமுத்துவைக் கேட்டேன்.
"கார்டு ஃபுல்லுண்ணே. அடுத்தத போடுற அவசரம்."
எது எங்கே இருக்கிறதென்ற கடைசிக் குறிப்பை
கேமரா எழுதி முடிக்குமுன் உருவியிருக்கிறான்.
உள்ளே எல்லாம் இருக்கிறது.
போய்ச் சேரத்தான் வழியில்லை.

மூன்று மீட்பு மென்பொருள்.
ஒன்று பச்சைப் பட்டைகள் கொடுத்தது.
ஒன்று நாதஸ்வரக்காரரின் பாதிக் கன்னத்தை.
மூன்றாவது பணம் கேட்டது, டாலரில்.

திருவந்திபுரத்தில் அன்று ஆவணி முகூர்த்தம்.
தூணுக்கொரு கல்யாணம்,
எந்தச் செருப்பு எந்த வீட்டுடையது என்று தெரியாத கூட்டம்.
தனியாகப் பதிந்த ஒலியில் நாலு கெட்டிமேளம்
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது.
அலையைப் பார்த்து
எது குமுதவல்லிக்கு அடித்தது என்று யார் சொல்ல?

அப்போதுதான் உறைத்தது.
அன்று நாங்கள் எடுத்தது இரண்டு கல்யாணம்.
பக்கத்துத் தூணில் பண்ருட்டிக்காரர்கள்,
அங்கே கேமரா என் கையில்.

அந்த ஃபோல்டரைத் திறந்தேன்.
பண்ருட்டிப் பெண் மாலை மாற்றிச் சிரிக்கிறாள்.
அவள் தோளுக்கு மேலே, ஃபோகஸ் கலைந்த மஞ்சளில்,
ஒரு சிவப்புக் கூரைப்புடவை.
நானூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
கட்டம் கட்டமாக ஒரு தாலி ஏறுகிறது.
பதினோரு நொடி.

குமுதவல்லி தலை குனியவில்லை.
புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு
கேமராவே இல்லாத பக்கம் திரும்பி
யாரிடமோ "தண்ணி" என்கிறாள்.
உதடு அப்படித்தான் அசைகிறது.
சவரிமுத்துவின் 47 ஓடியிருந்தால்
"இங்க பாரும்மா, கொஞ்சம் சிரிம்மா" இருந்திருக்கும்.
இந்தத் தாகம் இருந்திருக்காது.

வெட்டினேன். புள்ளிகளைத் தேய்த்தேன். நிறம் ஏற்றினேன்.
நாலு மேளத்தில் சத்தமானதை அடியில் வைத்தேன்,
யாருடையதோ.
சாயங்காலம் சித்தப்பா நேரில் வந்து பார்த்தார்.
"கொஞ்சம் மங்கலா இருக்கே?"
"எஃபெக்ட்ணே."
திருப்தியாகத் தலையாட்டி
இன்னொருமுறை போடச் சொன்னார்.

இடது ஓரத்தில் மட்டும்
பண்ருட்டிப் பெண்ணின் முழங்கை,
அதற்குக் கீழே நாலைந்து கண்ணாடி வளையல்.
அதை வெட்டினால்
குமுதவல்லியின் பாதிக் கழுத்தும் போகிறது.
விட்டுவிட்டேன்.
அவர் கவனிக்கவில்லை.