ஆம் என்று அழுத்தியவர்கள்

ஒரே நாளில் இரண்டு வாக்கெடுப்பு.

காலையில், கக்கதாசபுராவில்
எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில்:
டேங்கர் தண்ணீர் இரண்டாயிரத்து இருநூறு ஆகிவிட்டது,
வீட்டுக்கு நூற்றுப் பத்து தரச் சம்மதமா?
இரவில், சில்லு செயலியின் நெற்றியில்
மஞ்சளாக ஒரு பட்டை:
பெரிய நிறுவனம் கதவுக்குக் கட்டணம் வைத்துவிட்டது.
மாதம் நூற்று நாற்பத்தொன்பது வந்தால் தொடரலாம்.
தருவீர்களா?

சில்லு உங்களுக்குத் தெரிந்திருக்காது.
அந்தப் பெரிய தளத்துக்குள்
அதன் சொந்த வாசல் வழியே போனால்
செருப்புக் கடைக்காரனும் கடன் தருகிறவனும்
கேட்காமலே ராசி பார்க்கிறவளும்
கையைப் பிடித்து இழுப்பார்கள்.
சில்லு, கொல்லைப்புற வழி.
நண்பர்கள் சொன்னது, சொன்ன வரிசையில்.
எல்லாம் படித்தானதும் அடியில் ஒரு சொல் வரும்:
முடிந்தது.

இரவுப் பணி முடித்து
மாரத்தஹள்ளி பாலத்தில் கேப் ஊரும்போது
அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன்.
அந்த வேலையில் வேறு யாரும் என்னிடம்
முடிந்தது என்று சொன்னதில்லை.

ஆம் என்று அழுத்தினேன்.
யோசிக்கவில்லை. கூடவே ஒரு இதயம்.
நான்காயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஆம்கள்.
"கிட்னியை விற்றாவது" என்று ஒருவர் எழுதியிருந்தார்,
அதற்கு முந்நூறு பேர் சிரித்திருந்தார்கள்.

டேங்கருக்கு இல்லை என்றவர்களே அதிகம்.
பகல் கொள்ளை, கூடாது, ஒரு பைசா தரமாட்டேன்
என்று மூன்றாம் மாடி குல்கர்னி
மூன்று மொழியில் எழுதினார்.
மறுநாள் விடியலில் குழாய் இரண்டு முறை இருமி
காற்றைத் துப்பிவிட்டு நின்றது.
பதினொரு மணிக்குள் இருபது வீட்டுப் பணமும் சேர்ந்தது.
குல்கர்னியுடையது முதலில்.

சில்லின் இணைப்பு வெள்ளிக்கிழமை வந்தது.
அட்டை எண் கேட்டது.
அட்டை பக்கத்து அறையில், பையில்.
எழுந்து போக வேண்டும், பத்தடி.
சம்பளம் வரட்டும் என்று வைத்தேன்.
வந்தது. மறந்தேன் என்று சொல்லமாட்டேன்,
ஞாபகம் இருந்தது.
அந்த வாரம்தான் இந்திராநகரில்
நுரையில் இலை வரைந்த காப்பிக்கு
இருநூற்று எழுபது கொடுத்து
பாதியில் விட்டு எழுந்தேன்.

கட்டியவர்கள் அறுபத்து மூன்று பேர்.
அதில் கிட்னிக்காரர் உண்டா, தெரியாது.
நான் இல்லை.

பிறகு கடிதம் வந்தது.
கோபமில்லை, புலம்பலில்லை.
அறுபத்து மூவருக்கும் பணம் திரும்பும்,
ஐந்து வேலை நாட்களில்.
கீழே சட்டத்துக்காகச் சேர்த்த பெயரும் முகவரியும்:
ரூபன் லூர்துசாமி, ஏழாம் குறுக்குத் தெரு, கக்கதாசபுரா.
நான் ஒன்பதாம் குறுக்குத் தெரு.
இத்தனை நாள் எங்கோ ஒரு கண்ணாடிக் கட்டடம்,
அதில் ஐம்பது பேர் என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை பால் வாங்குகிற சாக்கில் போனேன்.
ஏழாம் குறுக்கில்தான் டேங்கர்கள் நிரப்பும் போர்வெல் மனை.
எதிரே இரண்டாம் மாடிக் கொடியில்
மார்பில் உடைந்த ஓட்டுத் துண்டு வரைந்த
டி-சர்ட் காய்ந்தது. அதேதான், செயலியின் சின்னம்.
ஒருவன் இரண்டு காலி வாளிகளோடு இறங்கி வந்து
டேங்கர்காரனிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டான்.
அவன் தலையாட்டினான், இல்லை என்பதுபோல,
பிறகு விரலைத் தேய்த்துக் காட்டினான்.
இவன் சிரித்து, பர்ஸை எடுத்தான்.

உங்கள் ஆம்களில் நான் ஒன்று என்று
எப்படிப் போய்ச் சொல்வது?
கையில் பால் பாக்கெட் வியர்த்து
முழங்கை வரை வழிந்தது.

சில்லை இன்னும் அழிக்கவில்லை.
தொட்டால் ஒரு வட்டம் சுற்றுகிறது,
சுற்றிக்கொண்டே இருக்கிறது,
முடிந்தது என்றுகூடச் சொல்வதில்லை.
கீழே ஹார்ன். "நீரு பந்த்து" என்று யாரோ கத்துகிறார்கள்.
இந்த மாதத் தண்ணீருக்கு
முன்பணமே கட்டிவிட்டேன்.