விதைச் சேறு

கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்தில்
இருபத்தாறு வருஷமாக
அவற்றுக்குச் சோறு போடுகிறவன் நான்.
சோறு என்றால்
நீங்கள் காலையில் ஃப்ளஷ் அழுத்திவிட்டு மறந்தது.
ஒரு மணி நேரம் கரண்ட் போனால்
தொட்டியின் முகம் கறுக்கும்.
எனக்கும்.

கண்ணாடி உருளையில் அரை மணி நேரம்
சேற்றைப் படிய விடுவேன்.
மேலே தண்ணீர் தெளிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது.
சந்தேகம் வந்தால் மைக்ராஸ்கோப்:
காம்பின் நுனியில் மணி போல ஒன்று
சுருங்கி, நீண்டு, சுருங்கி.
அது ஆடுகிற நாளில்
லாக் புத்தகத்தில் நார்மல் என்று எழுதிவிட்டு
டீ குடிக்கப் போகலாம்.

டாக்டர் ஷப்னம் கேட்டார்:
"ஊசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி
ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்தீங்களா, எத்திராஜ்?"

எடுத்தேன்.
சர்மா நகர் மெடிக்கலில், சீட்டில்லாமல்,
பயாப்ஸிக்கும் முதல் ஊசிக்கும் நடுவில்
காய்ச்சலுக்கு ஐந்து நாள்.
போதாதென்று இன்னும் ஐந்து நாள்.

"இந்த மருந்து கேன்சரைக் கொல்லாது.
உங்க உடம்புப் போலீஸோட கண்கட்டை
அவிழ்க்கும், அவ்வளவுதான்.
யாரைப் பிடிக்கணும்னு அதைப் பழக்குறதுல
குடல்ல இருக்கிற கிருமிங்களுக்கும் பங்கு இருக்கு.
அப்படித்தான் நினைக்கிறோம்.
முழுசா இன்னும் தெரியலை."

எனக்குத் தெரிந்தது.
ஏரியா ஆள் ஒருத்தன் இல்லாமல்
எந்த ஸ்டேஷனும் கேஸ் பிடித்ததில்லை என்று
வியாசர்பாடியில் வளர்ந்தவனுக்குச் சொல்லவா வேண்டும்.

ஒரு தை மாதம், ராத்திரி ரெண்டு மணி,
எந்தப் பட்டறையோ, எந்த லாரியோ
மேன்ஹோலைத் திறந்து அமிலம் கொட்டிவிட்டுப் போனது.
விடியும்போது தொட்டி முழுக்க வெள்ளை நுரை.
லென்சுக்கடியில் மணி ஒன்றும் இல்லை,
காம்புகள் மட்டும்.
மோட்டார் ஓடியது. ப்ளோயர் ஓடியது.
காற்று பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.
மூச்சு விடத்தான் யாரும் இல்லை.

நாலு ஊசி போட்டாயிற்று.
ஸ்கேனில் கட்டி அதே இடத்தில், கொஞ்சம் பருத்து,
வாடகை பாக்கிக்காரன்
மேலே ஒரு ரூம் எடுத்துக் கட்டினது போல.

அன்றைக்கு என்ன செய்தோம் என்று டாக்டரிடம் சொன்னேன்.
நெசப்பாக்கத்திலிருந்து ரெண்டு டேங்கர் சேறு,
உயிரோடு.
ஜெபசிங் பைக்கில் முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான்,
மாப்பிள்ளை கார் வருகிற மாதிரி.
கவிழ்த்துவிட்டுக் காத்திருந்தோம்.
பதினோராம் நாள்
ஒரே ஒரு மணி.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
"நாங்க அதையேதான் மாத்திரையா தர்றோம்."
இதே ஊசி பலித்த யாரோ ஒருவருடைய
மலத்திலிருந்து எடுத்தது. ஆய்வுதான்.
சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது.
ஆள் பேர் சொல்ல மாட்டார்கள்.
பதினாலு பக்கம் கையெழுத்துப் போட்டேன்.

லோகநாயகி மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள்,
"யாரு பெத்த புள்ளையோ.
ஒழுங்கா சாப்புட்ட ஆளா இருக்கட்டும்" என்றாள்.
சாயங்காலம் அத்தோ கடைக்குப் போய்
சூப் வேண்டாம், அதில் போடுகிற
வாழைத்தண்டு மட்டும் கொடு என்று
கடைக்காரரோடு மல்லுக்கட்டி
அரைக் கிலோ வாங்கி வந்தாள்.
"புதுசா வர்றவங்க பட்டினி கிடக்கவா?"

ஸ்கேன் வியாழக்கிழமை.
இன்று நைட் ஷிஃப்ட்.
மணலிப் பக்கம் உயரக் குழாயின் நுனியில்
வழக்கமான நெருப்பு.
வயிறு ஒரு தரம் உருண்டது.
வாழைத்தண்டாகவும் இருக்கலாம்.

உருளையில் சேறு இறங்குகிறது.
இருபது நிமிஷம் ஆயிற்று, மேலே இன்னும் கலங்கல்.
பத்து நிமிஷம் பாக்கி.
லாக் புத்தகத்தில் தேதி மட்டும் போட்டிருக்கிறேன்.