தொப்பூருக்கு ஒரு கியர்

பாலக்கோட்டில் ஏழு கோழிகளைக் காலிசெய்த பிறகுதான்
லேண்ட்மாஸ்டர் என் பேருக்கு வந்தது.
ஐம்பத்தைந்தாம் வருஷத்து உடம்பு.
கூரையை நாலு அங்குலம் தாழ்த்தி
உள்ளே ஆறு சிலிண்டரை இறக்கிய அன்றைக்கு
ராயக்கோட்டை ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்
கிளாஸோடு எழுந்து வந்தார்கள்.

இன்ஜின் ஆயிற்று.
இனி கியர் பெட்டி.

இருபத்திரண்டு வருஷம் நானூத்தி ஏழு ஓட்டியவள்.
ஊத்தங்கரைக்கும் மண்டிக்கும் புளி மூட்டையோடு
கிளட்ச்சை மிதித்து மிதித்து
இடது காலுக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிய செருப்பு.
“ஆட்டோமேட்டிக் போடு” என்றேன்.
முனிராஜ் ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தான்.
“ராகிக் களிக்கு ஸ்பூன் கேக்கறீங்களே அக்கா.”

இம்தியாஸ் ஒன்றும் சொல்லவில்லை.
நாலாம் நாள் தார்ப்பாயை விலக்கினான். மூன்று பெட்டிகள்.

ஒன்று ஸ்கார்பியோவினுடையது, ஆறு வேகம்.
அதற்கு மூளை தனியே ஒரு டப்பாவில் வருமாம்,
ஒயர் எழுபது.
டப்பா கோபித்துக்கொண்டால்
குருபரப்பள்ளி தாண்டி நடுரோட்டில் யாரைக் கூப்பிடுவது?

இன்னொன்று அமெரிக்கன். இரண்டே வேகம்.
போ, இன்னும் போ. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த பேச்சு.
இம்தியாஸ் அதைத் துடைத்த துணியே வேறு,
அவன் ஆசை எங்கே என்று அதிலேயே தெரிந்தது.
மண்டித் தராசில் ஏற்றினோம்: நூற்றுப் பன்னிரண்டு கிலோ,
தராசில் கிடந்த ஒரு புளியங்கொட்டையும் சேர்த்து.

மூன்றாவது பழைய பென்ஸ். நாலு வேகம், மூளை கிடையாது,
எண்ணெய்தான் யோசிக்கும்.
குச்சியை உருவி என் கைக்குட்டையில் துடைத்துக் காட்டினான்.
சிவப்பு.
கருகின வெல்லப்பாகு வாசம் இல்லை.

“உள்ள ரெண்டு விசிறிக்கா. ஒண்ணு சுத்தும்.
எண்ணெய் தள்ளத் தள்ள எதிர்ல இருக்கறதும் சுத்தும்.
ஒண்ணை ஒண்ணு தொடாது.”
எனக்கு அங்கேதான் தூக்கம் போனது.
தொடாத ஒன்றை நம்பி
தொப்பூரில் எப்படி இறங்குவது?

மறுநாள் சர்வீஸுக்கு வந்திருந்த டாக்டரம்மாவின் பென்ஸை
(அதே பெட்டி; அவர்களுக்குச் சொல்லவில்லை)
தருமபுரி தாண்டி ஓட்டினேன்.
பக்கத்தில் இம்தியாஸ், பின்னால் முனிராஜ்,
கணவாய் தலைப்பில் மூவரும் பேச்சை நிறுத்தினோம்.

லீவரை இரண்டுக்கு இழுத்தேன்.
வண்டி ஒருமுறை முனகிற்று,
மூட்டையைத் தோள் மாற்றிக்கொள்ளும் ஆள்போல.
பிறகு உரக்கக் கத்திக்கொண்டே
நாற்பதிலேயே நின்றது முள்.
பின்னால் ஹாரன். இருக்கட்டும்.

இரட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால்
ஒரு லாரி எங்களைக் கடந்தது.
சத்தமே இல்லை.
நியூட்ரலில் இறங்குகிறான், டீசல் மிச்சம்.
அந்த அமைதி
என் பல்லைக் கூசவைத்தது.
முனிராஜ் பின்சீட்டிலிருந்து
“கத்தட்டும்க்கா, நல்லா கத்தட்டும்” என்றான்.

அதுவரை கவனிக்கவில்லை:
என் இடது கால்
வளைவுக்கு வளைவு
மிதியடியை மிதித்துக்கொண்டிருந்தது.

பென்ஸ்தான் என்று முடிவாயிற்று.
இம்தியாஸ் முகம் இரண்டு நாள் சரியில்லை,
இரண்டு வேகத்தை விற்க மனசில்லாமல்
அதன்மேல் டீ கிளாஸ் வைக்கிறான்.
நடு முதுகுத் தகரம் மூன்று அங்குலம் போதவில்லை.
வெட்டியபோது உள்ளேயிருந்து
துருவும் இரண்டு கோழி இறகும் விழுந்தன.

கிளட்ச் பெடலைக் கழற்றிய ஓட்டையை
அடைக்கட்டுமா என்று கேட்டான்.
அடை என்றேன்.
ஆனால் அந்த இடத்தில்
அசையாத ஒரு இரும்புப் பலகை வை.
மேலே ரப்பர் ஒட்டு.

எட்டரை சைஸ்.