எழுத்துக்கு ஒன்றரைப் பென்னி

சப்மிட் ட்ரஸ்கட் வந்தபோது
உளி தீட்டிக்கொண்டிருந்தேன்.
சப்மிட் என்றால் அடங்கு.
பெயர் வைத்த தகப்பன்
பிள்ளையின் முகம் பார்க்காமலே வைத்திருக்க வேண்டும்.

"எழுத்துக்கு என்ன விலை?"
ஒன்றரைப் பென்னி. கல்லுக்குத் தனி.
உச்சியில் சிறகு முளைத்த மண்டையோடு இனாம்.
"மண்டையோடு வேண்டாம்.
அவரிடம் ஒன்று இருக்கிறது."

எலிசூர் ட்ரஸ்கட்.
ஆஷ்மூர் ஊரின் பிரதிநிதி, பதினோரு வருஷம்.
பாஸ்டன் சபையில் வாய் திறந்தது இரண்டே முறை:
சன்னலைச் சாத்தச் சொல்லி ஒன்று;
மில் அணையில் மீன் ஏற வழி விடச் சொல்லி
இன்னொன்று, ஒன்றே முக்கால் மணி நேரம்.
சட்டமாயிற்று.
மே மாதத்து ஷாட் மீன்கள்
அவர் பெயர் தெரியாமல் ஏறிப்போகின்றன.

பயிற்சி நாளில் புல்வெளியில் அறுபது பேர் நிற்போம்,
துப்பாக்கி நாற்பத்தொன்று,
மீதிப் பேருக்கு விளக்குமாற்றுக் கட்டை.
கட்டைவிரலை எச்சிலில் தொட்டு
ஆணைப் புத்தகத்தைப் புரட்டுவார் கர்னல்.
அடுத்த ஆணை அகப்படும்வரை
ஒற்றைக்காலில் அறுபது கொக்குகள்.
ரம் பீப்பாய் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கொக்குகள்தான்
ராஜாவின் சிப்பாய்களை ஒரு பாலத்தில் அரைநாள் நிறுத்தின.
பெரிதாகச் சொல்லமாட்டேன்,
பாலம் சின்னது.
அன்று புத்தகம் அவர் பையைவிட்டு வெளியே வரவில்லை.

பிறகு வந்தது வரி.
காகிதப் பணம் செல்லாது, வெள்ளியாகக் கட்டு என்றது சபை.
தூக்கிய கைகளில் எலிசூரின் கையும் ஒன்று.
"கடன் கடன்தான்" என்றார்,
சந்தையில் எல்லார் காதிலும் விழ.
அக்டோபரில் அமீனா வந்து
என் இடத்துக்காளையை ஓட்டிப்போனான்.
வலத்துக்காளை மூன்று நாள்
நுகத்தடிக்குத் தன் பாதிக் கழுத்தைக் கொடுத்து
தனியாக நின்றது.

ஜனவரியில் நீதிமன்றத்தை மூடப் போனோம்,
தொப்பியில் ஆளுக்கொரு பைன் கொத்து.
எதிரே அரசாங்கத்தின் படை,
ஒரு பீரங்கி,
குதிரைமேல் எலிசூர்.
நாற்பது தப்படி.
குளிரில் சிவந்த அவர் மூக்கு நுனி தெரிந்தது.
"தயார்" என்றார்.
"குறி" என்றார்.
குழல்கள் எங்கள் நெஞ்சுக்கு ஏறின.

அப்போது பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார்.
கையுறையைக் கழற்றினார்.
எச்சில் தொட்டார்.
புரட்டினார்.
முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.
பனி விழுந்து தாள்கள் ஒட்டிக்கொண்டன,
ஊதிப் பிரித்தார்.
அவர் ஆட்களின் தோள்கள் நடுங்கிக்
குழல்கள் ஒவ்வொன்றாய்த் தாழ்ந்தன.
எங்கள் பக்கம் யாரோ சிரித்தான்.
ஏசேக் என்று நினைக்கிறேன்;
முதலில் திரும்பி நடந்தவனும் அவன்தான்.
நீதிமன்றம் திறந்தே இருந்தது.
யாரும் சாகவில்லை.

பாஸ்டன் அவர் பதவியைப் பிடுங்கிற்று.
வசந்தத்தில் ஊர் அவருக்கு ஓட்டுப் போடவில்லை.
நானும்தான்.
எருது திரும்பி வரவில்லையே.

"அந்தப் புத்தகம்..." என்று இழுத்தேன்.
"பாலத்துக்குப் போகுமுன்பே மனப்பாடம்" என்றாள் சப்மிட்.
"தூக்கத்தில் ஒப்பிப்பார்.
கேட்டுக் கேட்டு நானே ஒரு பட்டாளம் நடத்துவேன்."

கர்னல் வேண்டாமாம்.
மாண்புமிகு வேண்டவே வேண்டாமாம்.
பெயர், பிறந்தது, இறந்தது.
எண்களையும் சேர்த்து முப்பது.
மூன்றே முக்கால் ஷில்லிங்
எண்ணி வைத்தாள்.
"காளையைப் பற்றி அவர் கடைசிவரை
தப்பென்று சொல்லவில்லை" என்றாள் வாசலில்.
"உனக்குத் தெரியட்டும் என்று சொன்னேன்."

கல்லின் அடியில், மண் மூடும் இடத்தில்,
ஓர் அங்குல மீன் செதுக்கினேன்,
தலை மேல்நோக்கி.
அதற்குக் கூலி இல்லை.
எருதின் கணக்கு தனி.