கழிவு

மஞ்சக்குப்பம் பள்ளியில் விடைத்தாள் முகாம்,
நான்காம் நாள்.
மின்விசிறி விடைக்குறிப்பைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது.
அதன்மேல் டீ கிளாஸை வைத்திருக்கிறேன்.

வினா முப்பத்தெட்டு:
முன்னோரின் உழைப்பைத் தம் எழுத்தோடு
கவிஞர் இணைக்கும் திறத்தை விளக்குக.
குறிப்பில் இருப்பவை மரபு, பெருமை, உழைப்பின் உயர்வு.
மூன்றும் வந்தால் ஐந்து மதிப்பெண்.
காலையிலிருந்து பதினோரு பேர் பெருமைப்பட்டாயிற்று.

பன்னிரண்டாவது தாள். பெயர் கிடையாது, எண் மட்டும்.
ஊர் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டது.

"கவிஞர் அவர் அப்பா கையை பற்றி எழுதியிருக்கிறார்.
எங்க அம்மா முந்திரி உடைக்கிறார்.
கொட்டை எண்ணெய் பட்டு பட்டு விரலில் ரேகை இல்லை.
ரேசன் கடை மிசின் அம்மாவை ஏற்காது.
என் விரலை வைத்துதான் பருப்பு வாங்குகிறோம்.
கவிதை எனக்கு பாதி புரிகிறது.
மீதிக்கு, இதை பெருமை என்று எழுத
எனக்கு கை வரவில்லை."

அவ்வளவுதான் விடை.
கீழே ஒரு கோடு, ஸ்கேல் வைத்து.

கடாம்புலியூரில் எங்கள் வீட்டிலும் ஒரு பேனா இருந்தது.
அப்பா சட்டைப்பையில் மை கசிந்து
எந்த சோப்புக்கும் போகாத நீல வட்டம்.
கம்பெனியில் தராசும் நோட்டும் அவர் பொறுப்பு.
அஞ்சலாட்சி, எட்டே முக்கால் கிலோ.
நோட்டில் எட்டு.
முக்கால் கழிவு.
தூசி, தோல், ஈரம்
என்று அதற்கு அவரிடம் காரணங்கள் உண்டு.
எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.
"அப்பா கையெழுத்து அப்படியே வந்திருக்கு"
என்பார்கள் என்னிடம்.

அந்த முக்கால்களில்தான் பி.எட். வரை படித்தேன்.

சிவப்புப் பேனாவைத் திறக்கிறேன்.
மரபு இல்லை, ஒன்று போகட்டும்.
உயர்வு இல்லை, ஒன்று.
ஒற்றுப்பிழைக்கு அரை.
யாரும் சொல்லித்தராமலே
கை எவ்வளவு வேகமாகக் கழிக்கிறது!

அடித்துவிட்டு ஐந்து போட்டேன்.
அடித்த இடத்தில் சுருக்கொப்பம் கேட்டார் மேற்பார்வையாளர்.
"பெருமைன்னு குறிப்புல இருக்கே, இதுல இல்லையே சார்?"
"நோட்டுல கூட இருக்காது சார்" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. மணி பார்த்தார்.
மதியத்துக்குள் இன்னும் மூன்று தாள்.

அஞ்சலாட்சியின் முக்கால் கிலோ
இந்த ஐந்தில் எங்கும் வரவில்லை, தெரியும்.

பேனாவை மூடும்போது மை ஒட்டியது.
கட்டைவிரலில் சிவப்பாக,
சுழி சுழியாக,
ஒன்றுகூடத் தேயாமல்
அத்தனை ரேகையும்.