பத்துக்கு எத்தனை

பதினாறு ஆட்டம். ஜெயித்தது இரண்டு.
அதில் ஒன்று, எதிரணியின் பேருந்து
பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டி
உடம்பு சூடேறாமல் அவர்கள் இறங்கிய அன்று.

திங்கட்கிழமைக்குள் பட்டியல் வேண்டுமாம்.
முதலாளி கட்டடக் கம்பி வியாபாரி,
ஒரு துண்டை வளைத்துப் பார்த்துவிட்டு லோடு இறக்குகிறவர்.
"இருபத்திரண்டுக்குக் கீழ நாலு பசங்க இருக்கானுங்க.
யாரை வச்சுக்கலாம்? பத்துக்கு எத்தனைன்னு போட்டுக் குடும்மா."

எழும்பூர் அரங்கின் மூன்றாம் படியில்
மடிக்கணினி, ஆறிப்போன டீ, நான்.
கூரை ஒழுகுமிடத்தில் ஒரு நீல வாளி,
ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி.
ஐப்பசியிலிருந்து அதைச் சுற்றியே
தாவப் பழகிவிட்டார்கள் பையன்கள்.
அட்டவணையில் இதற்குக் கட்டமில்லை.

டெரன்ஸ், எண்ணூர். ஆறடி ஒன்பது.
கையை நீட்டினால் வளையம் பயப்படும்.
முழங்காலுக்கு மட்டும் நாற்பது வயது.
காசிமேட்டு மாமா ஐஸ் பெட்டி தூக்கி வருவார்,
ஆட்டம் முடிந்தால் பெஞ்சுக்கடியில் வஞ்சிர வாசனை.
உயரத்துக்குப் பத்து, மூட்டுக்கு மூன்று.
கூட்டி வகுத்தால் ஆறரை.
ஆறரை என்று ஒரு பையன் கிடையாது.

இம்தியாஸ், பெரியமேடு. கூப்பிடு தூரம்,
கடைசியாக வருவதும் அவன்தான்.
பயிற்சியில் மூன்று புள்ளி எறிந்தால் நூற்றுக்கு எழுபது விழும்,
ஆட்டத்தில் இருபத்தாறு.
கூட்டத்தைப் பார்த்துப் பதறுகிறான் என்கிறார்கள்.
எங்களுக்கு ஏது கூட்டம்?
காலி நாற்காலிகளைப் பார்த்துப் பதறுகிறான்.

மணவாளன், முகப்பேர். வங்கித் தேர்வு எழுதியிருக்கிறான்.
தேறிவிடுவான்.

லோகிதன், வியாசர்பாடி, ஐந்தடி பத்து.
ஆட்டத்துக்கு ஏழு முறை பந்தைத் தொலைக்கிறவன்.
ஆளில்லாத மூலைக்கு எறிவான்,
அது விளம்பரப் பலகையில் மோதி
எதிரி கைக்கு உருண்டு போகும்.
பதினாறு ஆட்டமும் அவன் பேருக்கு நேரே
பிழை, பிழை என்று கோடு கிழித்தது இந்தக் கைதான்.

நேற்றிரவு வீடியோவை மெதுவாக ஓட்டினேன்.
பந்து விரலை விட்ட நொடியில் நிறுத்தினேன்.
மூலை காலி. தடுப்பவன் தலை வேறு பக்கம்.
இன்னொன்று. நிறுத்தினேன்.
மறுபடி காலி, மறுபடி வேறு பக்கம்.
பதினொன்று பார்த்தேன்.
ஒன்பதில் பந்து சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.
ஆள் போகவில்லை.

யார் பேருக்கு நேரே எழுத இதை?

எனக்கும் எண் போட்டிருக்கிறார்கள்,
பத்தொன்பது வயதில், ரயில்வே தேர்வில். நான்கு.
சில வருஷம் அந்த நாலோடு சண்டை போட்டேன்.
பிறகு பழைய கேசட் ஒன்று கிடைத்து, என் ஆட்டத்தை நானே பார்த்தேன்.
நாலு சரிதான். கொஞ்சம் தாராளம்கூட.
எண்களை வெறுப்பவள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

காலைப் பயிற்சி. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.
லோகிதன் எறிகிறான், அதே மூலைக்கு.
வாளியைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறான் இம்தியாஸ்.
நடுவிரல் நுனி படுகிறது.
பந்து வெளியே.

"முன்னாடியே ஓடேன்டா."
"எங்க போடுவேன்னு எனக்கு எப்டிடா தெரியும்?"
"நேத்தும் அங்கதான போட்டேன்?"

பிழை. கோடு ஒன்று கிழித்தேன்.
முதலாளிக்குப் போன் போட்டேன்.
மணி ஆறே முக்கால், எடுக்கவில்லை.
வாளி நிரம்பியிருந்தது.
இறங்கிப் போய்க் கொட்டிவிட்டு வந்தேன்.